கிணற்றுக்குள் ஐந்து மணி நேரம்: ஒரு கேன், இரண்டு உடம்பு

மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். எங்கள் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். வெளியே பனி இறங்கும்போது கிணற்றுக்குள்ளிருந்து ஆவி எழும்பும். கரையில் பல் தந்தியடிக்க நிற்பவன் உள்ளே குதித்ததும் "அப்பாடா" என்பான். அதனால், கிணற்றுத் தண்ணீரில் கிடந்து குளிரில் விறைத்துப்போன ஒருவனைப் பற்றி நான் சொன்னால் மதுரையில் யாரும் நம்புவதில்லை. "கொடைக்கானல் ஏரியா?" என்று கேட்கிறார்கள். இல்லை, கொட்டாம்பட்டிப் பக்கம், சித்தப்பாவின் தோட்டத்துக் கிணறு.

தண்ணீரில் கிடந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சித்தப்பா. வயது 54, எடை 82 கிலோ, உயரம் 165 செ.மீ., தொப்பை உண்டு, நீச்சல் கடப்பாரை நீச்சல். இன்னொருவன் என் அத்தை மகன், எங்களுக்கு மாப்பிள்ளை. வயது 21, எடை 54 கிலோ, உயரம் 170 செ.மீ., சுற்றுவட்டாரத்தில் அவனை மிஞ்சிய நீச்சல்காரன் கிடையாது. ஒரே தண்ணீர், ஒரே ஐந்து மணி நேரம். மேலே தூக்கியபோது யார் நிலைமை மோசம் என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் சித்தப்பாவைச் சொல்கிறார்கள். மயங்கி விழுந்தது மாப்பிள்ளை.

நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவன். அன்று காலை ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் கிறுக்கிய குறிப்புகளும், அப்புறம் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டதும்தான் இதற்கு ஆதாரம்.

நடந்தது

டிசம்பர் கடைசி வாரம். மும்முனை மின்சாரம் அந்த வாரம் ராத்திரி 11 மணிக்கு மேல்தான் வந்தது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கிணற்றில் தொங்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் கயிறு நழுவி ஓஸ் மடங்கியிருக்கும் என்று சித்தப்பாவுக்குச் சந்தேகம். ஸ்டார்ட்டரை அணைத்து, பியூஸ் கட்டையையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். இந்த ஒரு காரியத்துக்கே அவரைக் கும்பிட வேண்டும். தண்ணீரில் கரண்ட் இருந்திருந்தால் நான் எழுதுவது வேறு மாதிரியான கட்டுரை.

பாறையில் வெட்டிய கிணறு, 45 அடி ஆழம். அன்றைக்கு அடியில் 15 அடித் தண்ணீர். பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில் கீழே உள்ள நான்கைந்து போன கோடையிலேயே உடைந்துவிட்டன. கடைசிப் படிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் இடைவெளி. 11.30 மணி வாக்கில் அந்தக் கடைசிப் படியில் செருப்பு வழுக்கியது. மேலே போன் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, போனைத் துவைகல்லின் மேல் வைத்தான், சட்டையையும் பேண்டையும் கழற்றினான், குதித்தான்.

அவன் குதிக்காமல் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வந்திருக்கலாம் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அடுத்த வீடு அரைக் கிலோமீட்டர். அதற்குள் சித்தப்பா முங்கியிருப்பார். அவன் குதித்தது சரிதான்.

ஓஸ் தண்ணீருக்குள் இழுபடாமல் இருக்க அதோடு ஒரு நீல நிறக் காலி கேனைக் கட்டி மிதக்கவிட்டிருந்தார்கள், 30 லிட்டர் கேன். மாப்பிள்ளை சித்தப்பாவை அதனிடம் தள்ளிக்கொண்டு வந்தான். சித்தப்பா அதை நெஞ்சோடு கட்டிப்பிடித்தார். அதற்கப்புறம் விடியும்வரை அவர் வேறெதுவும் செய்யவில்லை. வழக்கின் முக்கியமான தகவலே இதுதான். கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "மொதல்ல காலத் தொங்கப் போட்டிருந்தேன். ஆட்டினா குளுருச்சு, மடக்கினா குளுரல. அதனால மடக்கிக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. முதல் ஒரு மணி நேரம் சுவரில் ஏறப் பார்த்தான். இருபது தடவையாவது ஏறி, பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறான். அப்புறம் வட்டமடித்து நீந்தினான், அலுத்தால் நின்ற இடத்திலேயே கால் அடித்து மிதந்தான். "சும்மா இருந்தா வெறச்சுப் போயிரும்னு நெனச்சேண்ணே" என்றான் என்னிடம். சித்தப்பா நாலைந்து தடவை கூப்பிட்டிருக்கிறார், "வா மாப்ள, நீயும் இதப் பிடி" என்று. "நீங்க பிடிங்க மாமா, எனக்கு நீச்சல் தெரியும்." கேன் இரண்டு பேரைத் தாங்காது என்று நினைத்தாயா என்று பிற்பாடு கேட்டேன். அது இல்லையாம். "மாமாவப் போயி எப்பிடிண்ணே கட்டிப்பிடிக்கிறது?"

ஒரு மணி சுமாருக்கு மேலே துவைகல்லில் அவன் போன் அடித்தது, அவனுடைய அம்மா. பாட்டு முழுசும் பாடி நின்றது, மறுபடி பாடியது. இவர்கள் இருவரும் கத்தினார்கள். தண்ணீர் பாய்ச்சுகிற ராத்திரியில் ஆள் போனை எடுக்காவிட்டால் யாரும் பதறமாட்டார்கள், வரப்பில் நிற்பான் என்று விட்டுவிடுவார்கள். அத்தையும் படுத்துவிட்டார்.

மூன்று மணிக்கு மேல் மாப்பிள்ளையின் பேச்சு குழறத் தொடங்கியதாகச் சித்தப்பா சொல்கிறார். அவன் சொல்வது: "ஓஸப் பிடிக்கலாம்னு கையக் கொண்டுபோனேன். விரல் மூடல. வெளிச்சத்துல பாத்தா கை பாட்டுக்கு விரிஞ்சு கெடக்கு, யாரு கையோ மாதிரி." முழங்கை மடிப்பை ஓஸில் கொக்கிபோல மாட்டிக்கொண்டான். சித்தப்பா தோளில் கிடந்த துண்டால் அவன் மணிக்கட்டைக் கேன் கயிற்றோடு சேர்த்துக் கட்டினார். மாட்டுக்குப் போடும் முடிச்சு. அவனைக் காப்பாற்றியது அந்த முடிச்சு.

நாலரை மணிக்கு அந்தப் பாதையில் வந்த பால்காரர் சத்தம் கேட்டு ஆள் கூட்டினார். மாப்பிள்ளையின் அக்குளில் வடக்கயிறு கட்டி நேராகத் தூக்கினார்கள். மேலே வந்து நின்றான், இரண்டு எட்டு வைத்தான், அப்படியே சாய்ந்தான். சித்தப்பாவை அந்த மாதிரி தூக்க முடியவில்லை, கனம். நார்க்கட்டிலின் நாலு காலிலும் கயிறு கட்டி இறக்கி, படுக்கவைத்து ஏற்றினார்கள். நடுங்கிக்கொண்டே "டீ இருக்கா?" என்று கேட்டபடி வந்தார்.

நான் மேலூரிலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையின் காலில் ஒருவர் தைலம் தேய்க்கிறார், இன்னொருவர் "ஒரு கட்டிங் உள்ள போனா சூடாயிரும்" என்று பாட்டிலைத் திறக்கிறார். இரண்டையும் நிறுத்தினேன். ஈர ஜட்டியைக் கழற்றி, துடைத்து, படுத்தவாக்கில் போர்வையும் சாக்கும் போட்டு மூடி வண்டியில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா பாதரச தெர்மாமீட்டரை மாப்பிள்ளையின் நாக்கடியில் வைத்தார். எடுத்துப் பார்த்து உதறினார், மறுபடி வைத்தார். பாதரசம் முதல் கோட்டைத் தொடவே இல்லை. கருவி பழுது என்று நினைத்து வேறொன்று கொண்டுவந்தார், அதிலும் அப்படியே. அது பழுது இல்லை. காய்ச்சல் பார்க்கச் செய்த கருவி அது, கோடுகளே 94 பாரன்ஹீட்டில்தான் தொடங்கும். டிஜிட்டலில் பார்த்தபோது 93.8, அதாவது 34.3 செல்சியஸ். சித்தப்பாவுக்கு 96.6, அதாவது 35.9. உடம்பின் உள்வெப்பம் 35 செல்சியஸுக்குக் கீழே போனால் மருத்துவத்தில் அதற்கு ஹைப்போதெர்மியா என்று பெயர். கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒருவர், அந்தப்பக்கம் ஒருவன்.

தண்ணீர் எவ்வளவு குளிர்?

மூன்று நாள் கழித்து, அதே கிணற்றில் விடியலுக்கு முன்னால், மீன் தொட்டிக்கு வைக்கும் தெர்மாமீட்டரை ஒரு பாட்டிலுக்குள் வைத்து முக்கி, தண்ணீரோடு தூக்கிப் பார்த்தேன். 25.5 டிகிரி. வெளியே காற்று 20. கிணறு வெதுவெதுப்பாகத் தோன்றுவதன் ரகசியம் இந்த ஐந்தரை டிகிரிதான். கை சொல்வது ஒப்பீடு மட்டுமே.

உடம்போ ஒப்பீடு பார்ப்பதில்லை, கணக்குப் பார்க்கிறது. சட்டையில்லாமல் அசையாமல் தண்ணீரில் கிடக்கும் ஆள் நடுங்காமல், வியர்க்காமல் சமநிலையில் இருக்க வேண்டுமானால் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 33லிருந்து 35 டிகிரி வரை இருக்க வேண்டும். காற்றில் 25 டிகிரி என்றால் பேன் போடுகிறோம். தண்ணீர் காற்றைவிட 25 மடங்குக்குக் கிட்ட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் 25 டிகிரித் தண்ணீர் என்பது மெதுவாகக் கறக்கும் மாடு. பத்து நிமிஷக் குளியலில் தெரியாது, ஐந்து மணி நேரத்தில் தெரியும்.

எவ்வளவு கறந்தால் ஒரு டிகிரி இறங்கும்? மனித உடம்பு ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.83 கிலோகலோரி. மாப்பிள்ளையின் 54 கிலோவுக்குப் பெருக்கினால் 45. கிட்டத்தட்ட ஒரு இட்லி. உற்பத்தி செய்வதைவிட ஒரு இட்லி கூடுதலாகத் தண்ணீருக்குக் கொடுத்தால் உடம்பின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி இறங்கிவிடும். அவன் அன்று ராத்திரி சாப்பிடாமல்தான் தோட்டத்துக்குப் போயிருந்தான்.

முடங்கிக் கிடப்பதில் என்ன இருக்கிறது

சித்தப்பா தெரியாமல் செய்த காரியத்துக்கு உலகம் முழுக்கக் கடலோடிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெயர் ஒன்று உண்டு. கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஹேவர்டும் உடனிருந்தவர்களும் 1970களில் மனிதர்களைக் குளிர்ந்த கடல்நீரில் இறக்கி, அசையாமல் மிதந்தால், நீந்தினால், முடங்கினால் உள்வெப்பம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்தார்கள். அகச்சிவப்புப் படம் எடுத்துப் பார்த்தபோது தோலின் எல்லா இடமும் ஒரே மாதிரி வெப்பத்தை விடவில்லை. கழுத்து, விலாவின் இரண்டு பக்கம், தொடை இடுக்கு ஆகியவை சூடாகத் தெரிந்தன. பெரிய ரத்தக் குழாய்கள் தோலை ஒட்டி ஓடும் இடங்கள், கொழுப்பும் தசையும் மூடாத இடங்கள்.

ஆக, அந்த வாசல்களை மூடினால் போதும். லைஃப் ஜாக்கெட்டில் மிதந்தபடி மேற்கையை விலாவோடு ஒட்டி, முழங்காலை நெஞ்சுக்குத் தூக்கி, தொடைகளை நெருக்கிக்கொள்வது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஹெல்ப்' என்று வரும். 1975இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளில், அசையாமல் மிதப்பவர் குளிரும் வேகத்தை 100 என்று வைத்தால் இந்த நிலையில் 69. சிலர் சேர்ந்து நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து மிதந்தால் 66. நீந்தினால் 135. தலையை அவ்வப்போது தண்ணீருக்குள் விட்டு, மூச்சுக்கு மட்டும் தூக்கி மிதக்கும் முறை அப்போது பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அதற்கு 182.

இந்த உட்காரலை நம் ஊரில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த எல்லாருக்கும் சத்திமுத்தப் புலவர் நாரையிடம் சொல்லி அனுப்பியது நினைவிருக்கும். வாடைக்காற்றில், உடுத்தத் துணியில்லாமல், கையால் மேனியைப் பொத்தி, காலை மடக்கி மேலே தழுவிக்கொண்டு, பெட்டிக்குள் அடைத்த பாம்புபோல மூச்சு விட்டுக்கொண்டு அவர் ஒண்டிக் கிடந்த இடம் கூடல், அதாவது நம்ம மதுரை. அது காற்று, இது தண்ணீர். உடம்பு மூடும் வாசல்கள் அதேதான்.

முடங்குவதால் இன்னொன்றும் நடக்கிறது. தோலை ஒட்டி ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் சூடாகி நிற்கும். ஆடாமல் இருந்தால் அந்தப் படலம் போர்வை மாதிரி. காலை ஒரு தடவை வீசினால் படலம் கலைந்து, புதுத் தண்ணீர் வந்து ஒட்டும், அதையும் நாமே சூடாக்க வேண்டும். "ஆட்டினா குளுருச்சு, மடக்கினா குளுரல" என்ற சித்தப்பாவின் வாக்கியத்தில் பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வது முழுசும் இருக்கிறது. நனைந்த முழுக்கைச் சட்டையும் அந்தப் படலத்தைப் பிடித்து நிறுத்த உதவியது. மாப்பிள்ளை சட்டையைக் கழற்றியது நீந்த வசதி, வெப்பத்துக்கு நஷ்டம்.

என் வகுப்பில் இதைக் காட்ட இரண்டு ரப்பர் கையுறைகளில் ஒரே அளவு வெந்நீரை ஊற்றிக் கட்டினோம். ஒன்றை விரல் விரித்தபடி, மற்றதை விரல்களை உள்ளே மடக்கி ரப்பர் பேண்டு போட்டு, ஒரே தொட்டியில் மிதக்கவிட்டோம். விரித்த கை முந்தி ஆறியது. "சார், மாப்பிள்ளை கை" என்றான் ஒருவன். கதை ஊர் முழுக்கப் போயிருந்தது.

ஆனால் கேன் இல்லாவிட்டால் இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். காலை மடக்கி, கையைக் கட்டிக்கொண்டு மிதக்க எதாவது தாங்க வேண்டும். 30 லிட்டர்க் காலி கேன் தண்ணீரில் அமிழும்போது தன் கனம் போக 28 கிலோவுக்கு மேல் தூக்கும். சாதாரண லைஃப் ஜாக்கெட் தூக்குவது 7லிருந்து 15 கிலோ. அந்தக் கேன் இரண்டு பேரை அலட்சியமாகத் தாங்கியிருக்கும், நான் பிற்பாடு இறங்கிச் சோதித்தும் பார்த்துவிட்டேன்.

தொப்பைக்கும் பங்கு உண்டு

எல்லாப் பெருமையையும் முடங்கலுக்குக் கொடுத்தால் அது நேர்மையில்லை. கொழுப்பு நல்ல கம்பளி. சித்தப்பாவிடம் அது இருந்தது, மாப்பிள்ளையிடம் எலும்பும் நரம்பும்தான். தோல் கணக்கும் உண்டு. உயரத்தையும் எடையையும் வைத்துப் போட்டால் மாப்பிள்ளைக்கு 1.6 சதுர மீட்டர், சித்தப்பாவுக்கு 1.94. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தோல் என்று வகுத்தால் மாப்பிள்ளைக்குக் கால் பங்கு அதிகம். சின்ன டம்ளர் காப்பி சீக்கிரம் ஆறுவதுபோல. இரண்டு பேரும் ஒரே மாதிரி முடங்கியிருந்தாலும் மாப்பிள்ளைதான் முதலில் நடுங்கியிருப்பான். எத்தனை டிகிரி தொப்பையால், எத்தனை டிகிரி முடங்கலால் என்று ஒரே ஒரு ராத்திரியை வைத்துப் பிரிக்க முடியாது.

நீச்சல் விஷயமும் நேர்கோடு இல்லை. விக்டோரியாக்காரர்கள் அளந்தது 10 டிகிரியை ஒட்டிய தண்ணீர். அங்கே நீந்தினால் நஷ்டம் என்பதில் சந்தேகமில்லை. ரத்தம் கை கால் தசைக்கு ஓடி, அங்கிருந்து வெப்பம் தண்ணீருக்குப் போகிறது. தசை உற்பத்தி செய்வது அந்த ஓட்டையை அடைக்கப் போதாது. ஆனால் 25 டிகிரியைத் தாண்டினால் தசையின் சூடு பல பேருக்கு ஈடுகட்டிவிடும். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் "எனக்குக் குளுரவே இல்ல, மாமாதான் நடுங்கினாரு" என்று மாப்பிள்ளை சொல்வது பொய்யாக இருக்காது. அது கந்துவட்டிக் கடன். வெறும் வயிறு, இருபது தடவை சுவர் ஏற்றம், அதற்கு மேல் நீச்சல் என்று தசையின் இருப்பு தீர்ந்தது. ஓய்ந்த பிறகு நடுங்கவும் எரிபொருள் வேண்டும், நடுக்கம் என்பது உட்கார்ந்த இடத்தில் செய்யும் கடின வேலை. முழு வேகத்தில் நடுங்கினால் ஓய்வில் உண்டாகும் வெப்பத்தைப்போல நான்கைந்து மடங்கு வரும். சித்தப்பா விடியும்வரை நடுங்க வைத்திருந்தார். இவன் மூன்று மணிக்கே கஜானாவைக் காலி செய்துவிட்டான்.

என் தீர்ப்பு: அந்தத் தண்ணீரில் அவன் நீந்தியது தப்பில்லை, ஓயும்வரை நீந்தியதுதான் தப்பு. சுவர் ஏற முடியாது என்று தெரிந்த நிமிஷமே கேனுக்கு வந்து, மாமாவின் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டியிருந்தால் 35க்குக் கீழே போயிருக்கமாட்டான் என்று நினைக்கிறேன். அணைப்பில் இருவரின் முன்பக்கமும் தண்ணீருக்குக் காட்டப்படாமல் மறைந்துவிடும். அவனைத் தடுத்தது அறியாமையில்லை, மரியாதை.

மயங்கி விழுந்தது தனிக் கதை. கழுத்தளவுத் தண்ணீர் உடம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டிருக்கும், கால் ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளும். நேராகத் தூக்கியதும் அந்த அழுத்தம் போய், ரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குப் பற்றாமல் ஆள் சாய்கிறான். சித்தப்பாவுக்கு நார்க்கட்டில் கிடைத்தது கனத்தால் வந்த அதிர்ஷ்டம். தண்ணீரிலிருந்து எடுப்பவரைப் படுத்தவாக்கில் தூக்க வேண்டும் என்பது மீட்புக்காரர்களின் பாலபாடம். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால்தான் காலைத் தேய்ப்பதை நிறுத்தினேன். சாராயம் தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே விடும். சூடாகத் தோன்றுவது அதனால்தான்.

பிறகு

காலை ஒன்பதே முக்காலுக்கு மாப்பிள்ளைக்கு 97.9. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விரல் நுனியில் மதமதப்பு நாலைந்து நாள் இருந்தது, தோள்பட்டை வலி இன்னும் கொஞ்ச நாள். துண்டு கட்டிய மணிக்கட்டில் தோல் உரிந்த தடம் இப்போதும் தெரிகிறது. சித்தப்பாவுக்கு ஒரு சளியோடு போயிற்று.

கிணற்றில் உடைந்த படிகளுக்குப் பதிலாக இரும்புக் கம்பி வளைத்துப் பதித்தாகிவிட்டது, தண்ணீருக்குள் மூன்றடி வரை. கேனுக்குத் துணையாக ஒரு லாரி ட்யூபும் மிதக்கிறது.

பொங்கலுக்குப் பிள்ளைகளையெல்லாம் கிணற்றில் இறக்கி, ட்யூபைச் சுற்றி எப்படி ஒட்டிக்கொள்வது என்று பழக்கினோம். அதுகள் சிரித்துக்கொண்டே ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. "பெரியவங்க செஞ்சு காட்டுங்க" என்று ஒரு குட்டி கத்தியது. சித்தப்பா ட்யூபின் இந்தப் பக்கத்தைப் பிடித்தார், மாப்பிள்ளை அந்தப் பக்கத்தைப் பிடித்தான். "கிட்ட போடா" என்றேன். "இங்க நல்லாத்தான்ணே இருக்கு" என்றான். நடுவில் ஒரு முழம் தண்ணீர் அப்படியே நின்றது.